பாலக்காடு தந்த மிருதங்கச் செல்வர்

பெயரைக் கேட்டுப் பொருளை மதிப்பது உலகத்து இயல்பு. கர்நாடக இசை மேடையிலும் இவ்வியல்பு நெடுநாள் ஆட்சி புரிந்தது. பாட்டு பிரதானம், மிருதங்கம் பக்கவாத்தியம் என்று பெயர் வகுத்தார்கள். அப்பெயருக்கேற்பவே மதிப்பும் சன்மானமும் அமைந்தன. அந்நிலையைத் தம் விரல்களின் வன்மையால் மாற்றியவர் பாலக்காடு மணி ஐயர்.

1912ஆம் ஆண்டில் பாலக்காட்டு வட்டாரத் தமிழ்க் குடும்பமொன்றில், சேஷ பாகவதரின் மைந்தராக அவர் பிறந்தார். சாத்தபுரம் சுப்பையரிடம் தொடக்கப் பயிற்சியும், பின்னர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் உயர்பயிற்சியும் பெற்றார். அதே மண்ணின் மைந்தரான செம்பை வைத்தியநாத பாகவதர், சிறுவராயிருந்த அவரைச் சென்னை மேடையில் அமர்த்திப் பெருமைப்படுத்தினார்.

மணி ஐயர் வெறும் தாளக் கணக்கை வாசித்தவரல்லர். பாட்டின் போக்கை உணர்ந்து, வேண்டுமிடத்தில் முழங்கி, வேண்டாவிடத்தில் மௌனம் காத்தார். அவர் வாசிக்கிறார் என்பதற்காகவே கச்சேரிக்குத் திரண்டோர் பலர். 1942 முதல் சங்கீத கலாநிதி விருதளித்து வந்த சென்னை மியூசிக் அகாதமி, 1966இல் அவருக்கு அதை வழங்கியது. அவ்விருதைப் பெற்ற முதல் மிருதங்கக் கலைஞர் அவரே. 1971இல் பத்மபூஷண் விருதும் அவரை நாடி வந்தது.

எனினும் பெயர்களின் பிடியிலிருந்து முற்றும் விடுபடுதல் அவருக்கும் எளிதாயிருக்கவில்லை. பெண்பாலார் பாட்டுக்கு வாசிப்பதில்லை என்று நெடுங்காலம் ஒதுங்கியிருந்தார். பிற்காலத்தில் அவ்வழக்கத்தைத் தாமே கைவிட்டு, டி. கே. பட்டம்மாள் போன்றோருக்கு வாசித்தார்.

அவருடைய நாதத்தின் பின்னே மற்றொருவரின் உழைப்பும் இருந்தது. தஞ்சையில் அவருக்கு மிருதங்கம் செய்து கொடுத்தவர் பர்லாந்து. மரத்தையும் தோலையும் ஆராய்ந்து, மணி ஐயர் விரும்பிய ஒலியை வரவழைத்த நுண்ணறிவாளர் அவர். ஆயின் தோல்வேலை செய்பவர் என்ற பெயர் அவருடைய கலையை மறைத்தது. வாசித்தவர் கலைஞர் எனப்பட்டார். செய்தவர் தொழிலாளி எனப்பட்டார். டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட நூலின் வாயிலாகவே இம்மரபினரின் அருமை பலருக்கும் தெரியவந்தது.

1981இல் மணி ஐயர் மறைந்தார். பிறந்த மண் விட்டுப் பெயர்ந்து வாழும் அன்பர்களே! கேரளத்தில் தமிழர் என்றும், தமிழகத்தில் பாலக்காட்டார் என்றும் வேறுபடுத்தப்பட்ட சிறு சமூகத்திலிருந்து வந்த அவரால், பாலக்காடு என்ற அடைமொழியே இசையுலகில் பெருமைக்குரியதாயிற்று. நம்மீது பிறர் சூட்டும் பெயரை நம் செயலால் உயர்த்துவோம். பிறர்மீது நாம் சூட்டும் பெயரையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.