நடுநிலை வாக்காளரும் பெருந்தலைவர் காமராசரும்

சிவகாசிக்குத் தென்மேற்கே, கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த ஊர் ஆலங்குளம். தென்காசி மாவட்டத்திலும் அப்பெயரில் ஓர் ஊர் உண்டு. நாம் சுட்டுவது 1970இல் அரசு சிமெண்ட் ஆலை தொடங்கப்பெற்ற விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். வானம் பார்த்த வேளாண்மையும், சுற்றுவட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களும் இப்பகுதி மக்களுக்குச் சோறிடுவன. இத்தகைய ஊர்களின் நாற்சந்திகளில் கட்சிக் கொடிகள் எத்தனை பறப்பினும், எக்கொடியையும் தம் வீட்டு முற்றத்தில் ஏற்றாதோர் பலர் உளர். விலைவாசியையும் வேட்பாளரையும் சீர்தூக்கிக் கடைசி நாளில் முடிவுசெய்யும் இவர்களை மதில்மேல் பூனை என எள்ளுவாரும் உண்டு. அப்பெயர் இவர்க்குப் பொருந்தாது என்பதே நம் துணிபு. இக்கரிசல் மண் ஈந்த பெருந்தலைவரின் அரசியல் வாழ்வில் ஏற்றமும் இறக்கமும் இவர்கள் கையில் எவ்வாறு இருந்தன என்பதை ஈண்டுக் காண்போம்.

காமராசர் 1903 சூலை 15ஆம் நாள் விருதுபட்டியில் குமாரசாமி, சிவகாமி அம்மையார் ஆகியோர்க்கு மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, படிப்பை இடைநிறுத்தி, மாமன் கடையில் பணியாற்றினார். 1930இல் வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தையொட்டிச் சிறை புகுந்தார். 1937இல் சாத்தூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்திற்குச் சென்றார். அந்நாளில் வரி செலுத்துவோர்க்கும் படித்தோர்க்குமே வாக்குரிமை இருந்தமையால், கரிசல் காட்டுக் கூலியாளுக்கு அதில் பங்கில்லை என்பதை நாம் மறத்தலாகாது. 1941இல் அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். விடுதலையானதும் நேரே நகராட்சிக்குச் சென்றவர், முழு நேரமும் உழைக்க இயலாத பதவியைத் தாங்குதல் முறையன்று எனக் கருதி அப்போதே விலகினார்.

வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தல் 1952இல் நடந்தது. காமராசர் திருவில்லிபுத்தூரிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். ஆயினும் அவர் தலைமையேற்று நடத்திய காங்கிரசு, சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் 152ஐ மட்டுமே பெற்றது. சுயேச்சைகளும் சிறுகட்சியினரும் பெருந்தொகையாக வென்றிருந்தனர். அவர்களுட் சிலரின் துணைகொண்டே இராசாசி அமைச்சரவை அமைத்தார்.

1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராசர், சட்டமன்ற உறுப்பினராதற்கு நின்ற இடம் தம் மண்ணன்று, வடஆர்க்காட்டுக் குடியாத்தம். அங்கே அவரை எதிர்த்து நின்றவர் பொதுவுடைமைக் கட்சியினர். காங்கிரசை அழிக்க வேண்டும் என முழங்கிவந்த பெரியார் அவரை ஆதரித்தார்; திராவிட முன்னேற்றக் கழகமும் எதிர்க்கவில்லை. கட்சி வேலிகள் தளர்ந்த அத்தேர்தலில், ஆளைப் பார்த்து வாக்களிக்கும் உரிமையைக் குடியாத்தம் மக்கள் நன்கு பயன்படுத்தினர் எனலாம்.

அதன்பின் ஒன்பதாண்டுகள் அவர் ஆண்டதும், சிற்றூர்தோறும் பள்ளி திறந்ததும், பகலுணவு அளித்ததும் யாவரும் அறிந்தவை. 1963 அக்டோபர் 2இல் தாமே பதவி துறந்தார். பின்னர் அனைத்திந்தியக் காங்கிரசுத் தலைவராகி, இருமுறை பிரதமர் தேர்வை நெறிப்படுத்தினார்.

1967க்கு வருவோம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் தழும்பு ஆறவில்லை. அரிசித் தட்டுப்பாடு அடுப்படிவரை எட்டியிருந்தது. தமிழகம் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒருபுறம் காங்கிரசு, மறுபுறம் அண்ணா தலைமையில் இராசாசியின் சுதந்திராக் கட்சி, காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீக், மார்க்சிய பொதுவுடைமைக் கட்சி முதலியன ஒரே அணி. கொள்கையால் ஒன்றுக்கொன்று சேய்மையிலிருந்த இவை ஒரு மேடையில் அமர்ந்தமை, எக்கட்சியையும் சாராதோர்க்கு மாற்றம் கைகூடும் என்ற நம்பிக்கையைத் தந்திருத்தல் கூடும். விருதுநகரில் காமராசரை எதிர்த்து நின்றவர், மாணவர் போராட்டத்தில் முன்னின்ற இளைஞர் பெ. சீனிவாசன். முடிவு வெளிவந்தபோது நாடே திகைத்தது: பெருந்தலைவர் 1,285 வாக்குகளில் தோற்றார். 643 பேர் முத்திரையை மாற்றிக் குத்தியிருப்பின் வரலாறு வேறாகியிருக்கும்! அவருடைய பள்ளியில் எழுத்தறிந்து, அவருடைய ஆட்சியில் பகலுணவு உண்ட வீட்டாரும் அந்த 643 பேருள் இருந்திருப்பர் என்றே நாம் எண்ணுகிறோம். அவர்களை நன்றி மறந்தோர் எனப் பழித்தல் எளிது. நன்றி ஒன்று, வாக்கு ஒன்று என அவர்கள் பிரித்து அறிந்தனர் என்று கொள்வதே நேர்மை. மாநிலம் முழுமைக்கும் கணக்கிட்டால் காங்கிரசு 41 விழுக்காடும், தி.மு.க. அதற்குச் சற்றே குறைவாகவும் வாக்குகள் பெற்றிருந்தன. ஆயினும் 234 இடங்களில் தி.மு.க.வுக்கு 137, காங்கிரசுக்கோ 51.

ஊர் கைவிட்டமையால் காமராசர் ஒதுங்கிவிடவில்லை. 1969 சனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஆளுங்கட்சியின் முழு எதிர்ப்புக்கிடையே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். அதே ஆண்டில் காங்கிரசு பிளவுபட, அவர் ஸ்தாபனக் காங்கிரசில் நின்றார். 1971இல் இந்திரா காங்கிரசும் தி.மு.க.வும் கைகோத்துத் தமிழகத்தை வாரிச் சுருட்டியபோதும் நாகர்கோவில் அவரையே மீண்டும் அனுப்பியது.

1972இல் தி.மு.க. பிளந்து, இரு கழகங்களின் போர் தொடங்கியது. காமராசர் இரண்டிலிருந்தும் விலகியே நின்றார். 1973 மே மாதத் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. வென்றது, இரண்டாமிடம் ஆளுங்கட்சிக்கன்று, காமராசரின் ஸ்தாபனக் காங்கிரசுக்கே கிடைத்தது. இரு கழகங்களிலும் மனம் ஒட்டாதோர்க்கு அன்று ஒரு புகலிடம் இருந்தது.

நெருக்கடி நிலை நாட்டை அழுத்திய 1975இல், காந்தியடிகள் பிறந்த அக்டோபர் 2ஆம் நாளில், அவர் சென்னையில் மறைந்தார். அவர்தம் கட்சியினரிற் பலர் இந்திரா காங்கிரசில் இணைந்தனர். எஞ்சியோர் ஜனதாவில் கலந்தனர். 1977 சட்டமன்றத் தேர்தலில் அவ்விரு கட்சிகளும் தனித்தனியே நின்று, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்குகளைத் தமக்குள் பகிர்ந்தன. 1980இல் காங்கிரசு தி.மு.க.வுடனும், 1984இல் அ.தி.மு.க.வுடனும் கூட்டுச் சேர்ந்தது.