பசியை மறவாத எம்.ஜி.ஆர்.

கோலா பிலாத் தோட்டப்புறங்களில் எம்.ஜி.ஆர். படம் பாராத தமிழர் அரிது. திரையில் அவர் வீசிய வாளை யாவரும் அறிவோம். சிறு வயதில் அவர் பட்ட பசியை அறிந்தோர் சிலரே.

அன்னார் 1917 ஜனவரி 17-ல், இலங்கையில் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார். அறியாப் பருவத்திலேயே தகப்பனார் கோபால மேனன் காலமானார். உடன்பிறந்தோரில் மிஞ்சியவர் தமையனார் சக்ரபாணி ஒருவரே. தாயார் சத்யபாமா அம்மையார் இரு பிள்ளைகளுடனும் கும்பகோணம் வந்து, பிறர் வீடுகளில் வேலை செய்து வளர்த்தார். அது போதவில்லை. பிள்ளைகளுக்குச் சோறாவது கிடைக்கட்டுமென்று மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது.

தகப்பனை இழந்து, தாயையும் பிரிந்து, பசிக்காக வேஷம் கட்டிய பிள்ளை! இத்தகைய துயரம் உடலிலும் மனதிலும் நெடுநாள் தங்கும் என வைத்தியர்கள் கூறுகின்றனர். வளர்ந்தபின் சிலருக்கு அது தீராத கோபமாகிறது, சிலருக்குப் பயமாகிறது, சிலரைக் குடியில் தள்ளுகிறது. அன்பு மாறாத பெரியவர் ஒருவர் துணையிருந்தால் ஆறவும் வழியுண்டு. எம்.ஜி.ஆருக்குத் தாயார் அப்படி இருந்தார்.

1936-ல் 'சதி லீலாவதி' படத்தில் சிறு வேஷம். 1977-ல் தமிழ்நாட்டு முதலமைச்சர் பதவி. அத்தனை உயரத்திலும் பழைய பசியை அவர் மறக்கவில்லை. காமராஜர் காலத்துப் பள்ளி மதிய உணவை விரிவாக்கி, 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டம் தொடங்கினார். கிராமங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் சுடுசோறு கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே நகரங்களுக்கும் அது வந்தது. வீண் செலவு என்றோர் பலர். அவர் பின்வாங்கவில்லை. சமையல் வேலையில் விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இடம் தரப்பட்டது. தம் தாயாரின் நிலையை அவர் கண்டவரல்லவா!

1987 டிசம்பர் 24-ல் அவர் மறைந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை; அவர் திட்டத்தில் உண்டு வளர்ந்தோர் லட்சக்கணக்கானோர்.

சகோதரர்களே, நம் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். சில வருஷங்களுக்கு முன், நம் கடையில் ரொட்டி எடுத்த தோட்டத்துச் சிறுவனைப் பலர் முன்னிலையில் ஏசி விரட்டினோம். அவன் எத்தீம் என்பதும், அன்று வீட்டில் உலை வைக்கவில்லை என்பதும் பிறகே தெரிந்தது. தேடிப் போனோம்; குடும்பம் வேறூர் போய்விட்டிருந்தது. அவன் இன்று வாலிபனாகியிருப்பான். ரொட்டியை மறந்திருப்பான், நம் ஏச்சை மறந்திருப்பானா?

இனியேனும், கடை வாசலில் நிற்கும் பிள்ளையிடம், சாப்பிட்டாயா என்று முதலில் கேட்போமாக.