கோவின் நைட்

கோவின் நைட் (1713 - ஜூன் 8, 1772) இங்கிலாந்து நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் இயற்பியலாளரும் ஆவார். எஃகைக் கொண்டு வலிமை மிக்க செயற்கைக் காந்தங்களைச் செய்தமைக்காகவும், கப்பல்களின் திசைகாட்டியைத் திருத்தியமைக்காகவும் இவர் அறியப்படுகிறார். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் முதல் தலைமை நூலகரும் இவரே. பொடியைப் பிணைபொருளுடன் சேர்த்துக் காந்தம் செய்யும் முறையை இவர் 18ஆம் நூற்றாண்டிலேயே கையாண்டார் என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தியாகும்.

இளமை

லிங்கன்சயரில் உள்ள கொரிங்கம் என்னும் ஊரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். லீட்சில் பள்ளிக் கல்வியை முடித்து, 1731 இல் ஆக்சுபோர்டில் சேர்ந்தார். 1742 இல் மருத்துவப் பட்டம் பெற்றபின் இலண்டனில் மருத்துவத் தொழில் செய்தார். எனினும் அவருடைய ஈடுபாடு காந்தவியலிலேயே இருந்தது.

எஃகுக் காந்தங்கள்

அக்காலத்தில் திசைகாட்டி ஊசிகளுக்குக் காந்தம் ஏற்ற இயற்கைக் காந்தக் கல்லையே பெரிதும் பயன்படுத்தினர். நல்ல கல் அரிதாகவே கிடைத்தது, விலையும் மிகுதி. 1744 இல் நைட், தாம் காந்தமூட்டிய எஃகுச் சட்டங்களை இலண்டன் அரச கழகத்தில் காட்டினார். அவற்றின் வலிமை உறுப்பினர்களை வியக்கச் செய்தது. 1745 இல் கழகத்தின் உறுப்பினரானார். 1747 இல் காப்ளி பதக்கம் பெற்றார்.

பின்னர் இவர் அமைத்த காந்தப் பொறி இரண்டு பெரும் தொகுதிகளைக் கொண்டது. ஒவ்வொன்றிலும் 15 அங்குல நீளமுள்ள 240 சட்டக் காந்தங்கள் இருந்தன. ஒரு தொகுதியின் எடை ஏறத்தாழ 500 பவுண்டு, அதாவது 230 கிலோகிராம் அளவாகும்.

திசைகாட்டி

1749 இல் டோவர் என்ற வணிகக் கப்பலை மின்னல் தாக்கி, அதன் திசைகாட்டி பழுதுற்றது. அதை ஆராய்ந்த நைட், ஊசியின் அமைப்பே குறையுடையது என்று கண்டார். வளைத்த எஃகுக் கம்பிகளுக்குப் பதிலாக நேரான ஒரே எஃகுப் பட்டையை ஊசியாக வைத்தார். பொறியாளர் ஜான் சிமீட்டன் கருவியின் அமைப்பில் உதவினார். அரச கடற்படை இத்திசைகாட்டியை ஏற்றுக்கொண்டது. ஆயினும் கொந்தளிக்கும் கடலில் அது நிலைகொள்ளாமல் ஆடியது என்பது ஜேம்ஸ் குக் போன்ற மாலுமிகளின் குறை.

பொடியிலிருந்து காந்தம்

இன்றைய நோக்கில் நைட்டின் பணிகளுள் மிகவும் வியப்பூட்டுவது இதுவே. ஒரு தொட்டியில் தூய இரும்பு அரப்பொடியை இட்டு, நீர் ஊற்றி, நாள்தோறும் பல மணிநேரம் குலுக்குவார். பொடிகள் ஒன்றோடொன்று உராய்ந்து, மிக நுண்ணிய துகள்கள் நீரில் கலங்கி நிற்கும். அந்தக் கலங்கல் நீரை வேறு கலத்தில் ஊற்றித் தெளியவிட்டு, அடியில் படிந்ததை உலர்த்துவார். நீரில் நெடுநேரம் கிடந்ததால் இப்பொடியில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்க வேண்டும்.

துகள்களைப் பிணைக்கப் பல பொருள்களை முயன்று, இறுதியில் ஆளிவிதை எண்ணெயைத் தேர்ந்தார். இரண்டையும் மாவைப்போல் பிசைந்து, வேண்டிய வடிவில் உருட்டி, மிதமான நெருப்பின் முன் சில மணிநேரம் காயவைப்பார். சூடு மிகுந்தால் கட்டி வெடித்துவிடும். காய்ந்த கட்டியைப் பெரும் பொறியின் இரு தொகுதிகளுக்கிடையே சில நொடிகள் வைத்தாலே அது காந்தமாகிவிடும்.

ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து, மூலக்கூறுகள் பின்னிப் பிணைந்த பல்லுறுப்பியாக இறுகும் தன்மையுடையது. எனவே நைட் செய்தது உண்மையில் ஒரு பல்லுறுப்பிப் பிணைப்புக் காந்தம் எனலாம். இன்று பெரைட்டு அல்லது நியோடிமியம் கலந்த பொடியை இரப்பர், நைலான், எப்பாக்சி போன்றவற்றுடன் கலந்து அச்சில் வார்க்கின்றனர். பிணைபொருளுக்குக் காந்தத்தன்மை இல்லாததால் முழுக் காந்தத்தைவிட வலிமை குறையும். ஆனால் விரும்பிய வடிவம் கிடைக்கும். குளிர்பதனப் பெட்டிக் கதவின் காந்தப் பட்டை இவ்வகையினது. இவை நைட்டின் முறையிலிருந்து நேராக வந்தவை என்று கொள்வதற்கில்லை. அதற்குக் காரணம் அவரே.

மறைபொருளாக வைத்த முறை

நைட் தம் காந்தங்களை விற்றார். செய்முறையை வெளியிட மறுத்தார். இதனால் அவர் பெரும்பயன் அடைந்ததாகத் தெரியவில்லை. எஃகைக் காந்தமாக்கும் முறையை ஜான் மிச்செல் 1750 இல் நூலாகவே வெளியிட்டார். 1751 இல் ஜான் காண்டன் தம் முறையை வெளியிட்டு அதே காப்ளி பதக்கத்தைப் பெற்றார். பொடிக் காந்தத்தின் செய்முறையோ நைட்டின் மறைவுக்குப் பின்னரே வெளிவந்தது. அதை நேரில் பார்த்து உதவிய ஓவியர் பெஞ்சமின் வில்சன் 1779 இல் அரச கழக இதழில் விவரித்தார்.

இறுதிக்காலம்

1756 இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் தலைமை நூலகராக நியமிக்கப்பட்டார். அருங்காட்சியகம் 1759 சனவரி 15 இல் திறக்கப்பட்டது. சுரங்கத் தொழிலில் பணம் இழந்து கடன்பட்ட நைட்டுக்கு, நண்பரும் மருத்துவருமான ஜான் பாதர்கில் உதவினார். 1772 இல் இறக்கும்வரை நைட் இப்பதவியில் இருந்தார்.

அவருடைய காந்தப் பொறி பாதர்கில் வழியாக அரச கழகத்தைச் சேர்ந்தது. 1831 அக்டோபரில் மைக்கேல் பரடே அதன் முனைகளுக்கிடையே ஒரு செப்புத் தட்டைச் சுழற்றி, தொடர்ச்சியான மின்னோட்டத்தைப் பெற்றார்.