ஸ்ட்ரெச்சர் தூக்கிய காந்தி

போன சனிக்கிழமை ஃப்ரீமான்ட்டில் ஒரு முதலுதவி வகுப்புக்குப் போயிருந்தேன். ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்தவர், ரத்தம் பீறிடும் காலில் பட்டையை எப்படி இறுக்கிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுத்தார். திரும்பி வரும்போது காந்தி ஞாபகம் வந்தது. நம்ம பிள்ளைகளுக்கு உப்பு எடுத்த காந்தியைத் தெரியும், போர்க்களத்தில் ஸ்ட்ரெச்சர் தூக்கிய காந்தியைத் தெரியாது.

1899ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் தொடங்கியபோது அவர் நேட்டாலில் 30 வயது வக்கீல். அனுதாபம் போயர்கள் மேல்தான். ஆனாலும் பிரிட்டிஷ் குடிமக்கள் என்று உரிமை கேட்கிறோம், அப்போ கடமையையும் செய்யணும் என்று நினைத்தார். டாக்டர் பூத் என்ற மிஷன் மருத்துவரிடம் காயம்பட்டவர்களைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்தார்கள். முதலில் வேண்டாம் என்ற அரசு, தோல்விகள் வந்ததும் கூப்பிட்டது.

சேர்ந்தவர்கள் சுமார் 1,100 பேர். அதில் ஏறக்குறைய 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கூலிகளில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும்தான். குண்டு விழும் எல்லைக்குள் போக வேண்டாம் என்று நிபந்தனை இருந்தது. 1900 ஜனவரியில் ஸ்பியான் கோப் சண்டையில் ஆள் போதாமல் கேட்டபோது, உள்ளேயும் போனார்கள். காயம்பட்டவர்களைச் சுமந்து ஒரே நாளில் 20, 25 மைல் நடந்ததும் உண்டு. கடைசியில் பதக்கம் கிடைத்தது தலைவர்கள் 37 பேருக்கு.

1906ல் ஜூலு மக்கள் கிளர்ச்சி. மறுபடி 24 பேருடன் அரசுக்கு உதவப் போனார். அங்கே அவர் கையில் வந்தவர்கள் அரசின் கசையடியில் புண்பட்ட ஜூலுக்கள். வெள்ளையர்கள் தொட மறுத்த அந்தப் புண்களை இவர்கள் கழுவிக் கட்டினார்கள். அதே வருஷம் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் எல்லோரும் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்தது. விசுவாசத்துக்குக் கிடைத்த கூலி அது!

அப்படியும் 1914ல் லண்டனில் சுமார் 80 பேரைச் சேர்த்து, டாக்டர் கேன்ட்லியிடம் ஆறு வாரம் முதலுதவி படித்தார். சாம்ராஜ்யத்தின் போருக்கு ஏன் உதவினார் என்ற கேள்வி இன்றும் இருக்கிறது, அது நியாயமான கேள்விதான். 1920ல் பதக்கங்களை அவரே திருப்பி அனுப்பிவிட்டார்.

நல்ல பெயர் எடுத்தால் உரிமை தானாக வரும் என்று விசாவில் வந்த நாமும் நினைக்கிறோம். அவருக்கு அப்படி வரவில்லை, போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஜூலுக்களுக்கு அவர் கற்ற வைத்தியம் உதவியது. அடுத்த மாத வகுப்புக்கு மகளையும் கூட்டிட்டுப் போறேன். போகிற வழியில் அந்த 800 பேரைப் பற்றியும் சொல்லணும்.