எண்ணிட்ட இழைகள் – அறிஞர் டைக்ஸ்ட்ரா

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு இரயிலில் வந்து படிக்கும் மாணவ நண்பர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். பாண்டியன் விரைவு வண்டி என்ற பெயரில் மதுரைக்குப் போவதும் உண்டு. சென்னைக்கு வருவதும் உண்டு. 12637 என்றோ 12638 என்றோ எண்ணைச் சொன்னால்தான் நிலைய அதிகாரிக்கு ஐயம் தீரும். கணிப்பொறிக்குள் ஒரே வேளையில் ஓடும் பல வேலைகளுக்கும் இப்படி எண் வேண்டியிருக்கிறது. அவ்வேலைகளை ஒழுங்குபடுத்த வழி கண்ட பேரறிஞர் ஹாலந்து நாட்டு எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஆவார்.

அன்னார் 1930 மே 11 அன்று ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தையார் வேதியியலறிஞர், தாயார் கணிதம் கற்றவர். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிலும்போதே, 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரல் எழுதும் பணியில் சேர்ந்தார். 1957இல் திருமணம். பதிவேட்டில் தம் தொழிலை நிரலர் என்று குறிக்கச் சொன்னார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று மறுத்துவிட்டார்கள்! கோட்பாட்டு இயற்பியலர் என்றே பதிவாயிற்று. 1962இல் ஐந்தோவன் நகரில் கணிதப் பேராசிரியரானார்.

அவர் மனத்தைப் பிடித்த சிக்கல் இது. விடுதிக் கணக்கில் நூறு ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். இரு எழுத்தர்கள் ஒரே நொடியில் அதைப் படிக்கிறார்கள். ஒருவர் பத்தைக் கூட்டி 110 என்றும், மற்றவர் இருபதைக் கூட்டி 120 என்றும் எழுதுகிறார். இருக்க வேண்டியதோ 130. ஒருவர் ஏட்டைத் தொடும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். இருவருக்கு மட்டும் வழி கண்டவர் டெக்கர் என்னும் கணிதர். எத்தனை பேருக்கும் பொருந்தும் வழியை 1965இல் வெளியிட்டவர் டைக்ஸ்ட்ரா. அதில் ஒவ்வொரு பொறிக்கும் ஓர் எண் உண்டு. தன் எண்ணுக்குரிய கட்டத்தில் அது தன் விருப்பத்தைக் குறிக்கும். முறை வாய்த்தால் பொதுக் கட்டத்தில் தன் எண்ணை இடும். பிறர் கட்டங்களை எல்லாம் பார்த்த பிறகே உள்ளே நுழையும். தன் எண் இன்னதென்று அறியாத பொறிக்கு இங்கே வேலையே இல்லை!

அவரே இன்னும் எளிய கருவியொன்றையும் தந்தார். அதற்கு இரயில்வேக் கைகாட்டியின் பெயரையே சூட்டினார். திண்டிவனம் பாதை ஒற்றைத் தண்டவாளமாக இருந்த நாளில், எதிர் வண்டி வந்து சேரும்வரை மயிலத்தில் காத்துக் கிடந்ததை நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதே முறைதான். கைகாட்டி விழுந்தால் போகலாம். போகிறவர் எந்த எண் என்று கைகாட்டி கேட்பதில்லை.

ஆனால் பிழை தேடும் மனிதர் கேட்கிறாரே! ஒரு நிரலுக்குள் ஓடும் தனித்தனி வேலைகளை இன்று இழைகள் என்கிறோம். ஜாவா மொழி தன் முதல் இழைக்கு மெயின் என்று பெயரிடுகிறது. நாம் பெயரிடாமல் விட்ட மற்றவற்றை திரெட்-0, திரெட்-1 என்று வரிசையாக அழைக்கிறது. பெயரன்றித் தனியே ஓர் எண்ணும் தருகிறது. இரண்டு இழைகளுக்கு ஒரே பெயர் இருக்கலாம். உயிரோடிருக்கும் இரண்டுக்கு ஒரே எண் இராது. ஓர் இழை முடிந்தபின் அதன் எண் வேறொன்றுக்குப் போகக்கூடும். ஆகவே பழைய குறிப்பேட்டில் எண்ணை மட்டும் நம்பித் தேடுவது ஆபத்து. செய்முறை வகுப்பில் திரெட்-7 பழுது என்று திரை காட்ட, அது யாருடைய வேலை என்று தெரியாமல் ஒரு பிற்பகலையே தொலைத்தவன் நான். கட்டண எழுத்தர் என்று பெயரிட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பைத்தான் மொழி திரெட்-1 என்றே தொடங்குகிறது. எண்ணுவதைச் சுழியத்திலிருந்து தொடங்குவதே முறை என்று 1982இல் தனிக் குறிப்பே எழுதிய டைக்ஸ்ட்ரா இதைக் கண்டு முகம் சுளித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

1972இல் டூரிங் பரிசு அவரைத் தேடி வந்தது. 1984 முதல் 1999 வரை அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். குறிப்புகளைப் பெரும்பாலும் மைப்பேனாவால் எழுதுவார். படியெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார். ஒவ்வொன்றின் தலையிலும் இ.டபிள்யூ.டி. என்ற தம் பெயரெழுத்துகளையும் வரிசை எண்ணையும் இடுவார். 2002 ஆகஸ்டு 6 அன்று நியூனன் ஊரில் காலமானார். அவ்வாண்டு ஏப்ரலில் எழுதிய கடைசிக் குறிப்பின் எண் 1318.