மூவர் சென்ற வழி

திருவனந்தபுரம், முன்னாளில் திருவிதாங்கூர் அரசின் தலைநகராக விளங்கியது. அவ்வரசின் ஆட்சிக்கு உட்பட்ட வைக்கத்தில், மகாதேவர் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடந்து செல்லவும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உரிமை இல்லை. அவ்வுரிமைக்காக உழைத்த பெருந்தகை டி. கே. மாதவன்.

அவர் 1885ஆம் ஆண்டு கார்த்திகப்பள்ளியில் ஈழவர் குடும்பத்தில் பிறந்தார். 'தேசாபிமானி' என்னும் இதழில் எழுதினார். ஸ்ரீமூலம் பிரஜா சபையில் வாதாடினார். எழுத்தாலும் பேச்சாலும் மட்டும் தெருக்கள் திறக்கவில்லை. 1921இல் திருநெல்வேலியில் காந்தியடிகளைச் சந்தித்து ஆதரவு வேண்டினார். 1923இல் காக்கிநாடா காங்கிரசு மாநாட்டில் தீண்டாமை ஒழிப்புத் தீர்மானம் நிறைவேற முனைந்து உழைத்தார்.

1924 மார்ச் 30 அன்று வைக்கம் அறப்போர் தொடங்கியது. பெருங்கூட்டமாகச் சென்றால் ஒருவர் சினங்கொண்டாலும் அறம் குலைந்துவிடும். ஆகவே மூவர் மட்டுமே அனுப்பப்பட்டனர். புலையர் குஞ்ஞாப்பி, ஈழவர் பாகுலேயன், நாயர் கோவிந்தப் பணிக்கர் ஆகியோரே அம்மூவர். தடைப்பலகையைக் கடக்க முயன்று அவர்கள் சிறை புகுந்தனர். அடுத்து வேறு மூவர் சென்றனர். களத்தில் நின்றோர் சிலரே. ஆயினும் அவர்களைத் தாங்கி நிற்க, ஆசிரமத்தில் உணவு சமைப்போரும், நூல் நூற்போரும், நிதி திரட்டுவோரும் இருந்தனர். நாராயணகுரு 1000 ரூபாய் வழங்கினார்.

ஏப்ரல் 7 அன்று மாதவனும் கே. பி. கேசவ மேனனும் கைதாயினர். தலைவர்கள் சிறைப்பட்டபோதும் அணி கலையவில்லை. ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து போராட்டத்தை நடத்தி, இருமுறை சிறை சென்றார். அவர் துணைவியார் நாகம்மையாரும் களம் கண்டார். அவ்வாண்டு பெருவெள்ளம் சூழ்ந்தபோது தொண்டர்கள் நீரில் நின்றும் தம் இடம் விட்டு அகலவில்லை.

1925 நவம்பரில் போராட்டம் நிறைவுற்றது. கோயிலின் மூன்று பக்கத் தெருக்கள் அனைவருக்கும் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. வெற்றி முழுமை பெறவில்லை என்று மாதவன் சோர்ந்துவிடவில்லை. ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகத்திற்கு ஊர்தோறும் உறுப்பினர் சேர்க்கும் பணியில் இறங்கினார். உடல் நலிந்து, 1930இல் தம் 44ஆம் வயதில் மறைந்தார்.

1936 நவம்பர் 12 அன்று, திருவிதாங்கூர் அரசு தன் கோயில்களை இந்துக்கள் அனைவருக்கும் திறந்துவிட்டது. அந்நாளைக் காண மாதவன் இல்லை. ஒருவரையொருவர் நம்பி, அமைதியாகத் தடையை நோக்கி நடந்த அந்த மூவர் மூவரான அணிகளே அந்நாளுக்கு வழி சமைத்தன.