ஹிட்லருக்காக கார், சிறையில் 20 மாதங்கள்: யார் இந்த ஃபெர்டினாண்ட் போர்ஷே?

போர்ஷே என்றதும் கோடிகளில் விலை போகும் ஸ்போர்ட்ஸ் கார்தான் நினைவுக்கு வரும். வண்டு மாதிரி உருண்டையாக இருக்கும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலையும் பலருக்குத் தெரியும். ஒன்று பணக்காரர்களின் கார், இன்னொன்று சாமானியர்களின் கார். ஆனா இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே மனிதர், ஃபெர்டினாண்ட் போர்ஷே.

20ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த கார் பொறியாளர் என்று 1999ல் அவருக்குப் பட்டம் கிடைத்தது. அதே மனிதரின் பெயரைத் தாங்கிய வரவேற்புப் பலகையை, 2013ல் அவர் பிறந்த ஊரே கழற்றி வைத்தது. ஏன்? அவர் கதையை முதலில் இருந்து பார்த்தால்தான் புரியும்.

தகரக் கடைப் பையன்

1875 செப்டம்பர் 3ல், அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரி பேரரசில் இருந்த மாஃபர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் பிறந்தார் போர்ஷே. இன்று அந்த ஊர் செக் குடியரசில், லிபெரெட்ஸ் நகரத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. அப்பா ஆன்டன், தகர வேலை செய்பவர். மகனும் பட்டறையில் சுத்தியலோடு நிற்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

பையனுக்கோ மின்சாரத்தின் மேல்தான் கண். பகலில் அப்பாவுடன் பட்டறை வேலை, மாலையில் பக்கத்து ஊரில் தொழில்நுட்ப வகுப்பு. டீன் ஏஜிலேயே வீட்டில் மின்விளக்கு எரிய வைத்தார். 18 வயதில் வியன்னாவுக்குக் கிளம்பி, ஒரு மின்சாதன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நேரம் கிடைக்கும்போதெல்லாம் அங்கிருந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். மாணவராகப் பதிவு செய்யவில்லை. பட்டமும் வாங்கவில்லை. பின்னாளில் அவர் பெயருக்கு முன்னால் வந்த 'டாக்டர்' முழுக்க முழுக்க கௌரவப் பட்டம்தான்.

1900லேயே எலெக்ட்ரிக் கார்!

எலெக்ட்ரிக் கார் ஏதோ நேற்று வந்த விஷயம் என்று நினைக்கிறோம் இல்லையா? 1900ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே ஒரு எலெக்ட்ரிக் கார் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதன் பெயர் லோனர்-போர்ஷே. வியன்னாவில் குதிரை வண்டி தயாரித்து வந்த லோனர் நிறுவனத்துக்காக 24 வயது போர்ஷே வடிவமைத்தது.

இதுல என்ன விசேஷம் என்றால், மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருந்தது. செயின் கிடையாது, கியர் கிடையாது. பேட்டரியில் இருந்து மின்சாரம் நேராக சக்கரத்துக்குப் போகும். பின்னாளில் நிலவில் ஓடிய நாசாவின் வாகனத்திலும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார்தான்.

பிரச்சினை பேட்டரியின் எடை. பல நூறு கிலோ ஈயத்தைச் சுமந்து கொண்டு எவ்வளவு தூரம்தான் ஓட முடியும்? போர்ஷே ஒரு வழி கண்டுபிடித்தார். காரிலேயே ஒரு பெட்ரோல் இன்ஜின் வைத்தார். அந்த இன்ஜின் சக்கரத்தைச் சுற்றாது, ஜெனரேட்டரைச் சுற்றும். அதில் வரும் மின்சாரம் சக்கரத்தை ஓட்டும். இன்று ஹைப்ரிட் என்று சொல்கிறோமே, அதேதான்.

வேலையில் நிலைக்காத மேதை

1906ல் ஆஸ்ட்ரோ-டைம்லர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். 1910ல் ஜெர்மனியில் நடந்த இளவரசர் ஹென்ரிச் பந்தயத்தில், தான் வடிவமைத்த காரைத் தானே ஓட்டி ஜெயித்தார்.

1923ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து டைம்லர் நிறுவனத்தில் சேர்ந்தார். 1926ல் டைம்லரும் பென்ஸும் ஒன்றாக இணைந்தன. மெர்சிடஸின் புகழ்பெற்ற எஸ்எஸ், எஸ்எஸ்கே ரகங்கள் இந்தக் காலத்தில் உருவானவை. சாமானியர்களுக்காகச் சின்னதாக, விலை குறைவாக ஒரு கார் செய்ய வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. நிர்வாகத்துடன் ஒத்துப்போகவில்லை, வெளியேறினார். அடுத்து போன ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனமும் பொருளாதார நெருக்கடியில் சிக்கியது. வயது 50ஐத் தாண்டிவிட்டது, கையில் வேலை இல்லை.

1931 ஏப்ரலில் ஸ்டுட்கார்ட்டில் சொந்தமாக ஒரு வடிவமைப்பு அலுவலகம் திறந்தார். இதுதான் இன்றைய போர்ஷே நிறுவனத்தின் தொடக்கம். ஆனா அப்போது அங்கே கார் தயாரிக்கவில்லை. மற்ற நிறுவனங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. பங்குதாரர்களாக இருவர் இருந்தார்கள். ஒருவர் மருமகன் ஆன்டன் பியெச், வழக்கறிஞர். இன்னொருவர் கார் பந்தய வீரர் அடால்ஃப் ரோசன்பெர்கர். நிறுவனம் தள்ளாடியபோது பணம் போட்டும், பணம் திரட்டியும் காப்பாற்றியவர் ரோசன்பெர்கர். அவர் ஒரு யூதர்.

ஹிட்லர் வந்தார், எல்லாம் மாறியது

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். கார் மோகம் கொண்ட அவர், ஜெர்மானியக் குடும்பங்கள் எல்லாம் வாங்கக்கூடிய ஒரு கார் வேண்டும் என்றார். குடும்பமாக உட்கார்ந்து போக வேண்டும், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் போக வேண்டும், பெட்ரோல் கம்மியாகக் குடிக்க வேண்டும், விலை 1,000 மார்க்குக்குள் இருக்க வேண்டும். அந்த விலைக்கு இப்படி ஒரு காரைக் கொடுக்கவே முடியாது என்று மற்ற கார் நிறுவனங்கள் தயங்கின. பல வருடங்களாக அப்படி ஒரு காரைக் கனவு கண்டு கொண்டிருந்த போர்ஷே சம்மதித்தார். 1934 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு அவர் ஜெர்மன் குடியுரிமையும் பெற்றார்.

இன்ஜின் பின்னால் இருக்கும், தண்ணீருக்குப் பதிலாகக் காற்றாலேயே குளிரும், உடல் வண்டு போல வளைந்திருக்கும். பீட்டில் பிறந்தது இப்படித்தான்.

ஆனா இந்த யோசனை போர்ஷே ஒருவருக்கே சொந்தமா? இல்லை. செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா நிறுவனத்தில் ஹான்ஸ் லெட்வின்கா, கிட்டத்தட்ட இதே பாணியில் கார் செய்து கொண்டிருந்தார். காப்புரிமை மீறல் என்று டாட்ரா பிரச்சினை கிளப்பியது. ஜெர்மனி அந்த நாட்டையே ஆக்கிரமித்ததும் விவகாரம் அமுங்கிப் போனது. போருக்குப் பல ஆண்டுகள் கழித்து ஃபோக்ஸ்வேகன் பணம் கொடுத்துத்தான் அதை முடித்தது. மக்கள் கார் வேண்டும் என்று தொடர்ந்து எழுதி, மாதிரி கார்களும் செய்து காட்டிய யூதப் பொறியாளர் ஜோசப் கான்ஸ், 1933லேயே கைதாகி, பிறகு நாட்டை விட்டே ஓட வேண்டி வந்தது.

அப்போ ரோசன்பெர்கர் என்ன ஆனார்? 1935ல் அவருடைய பங்கு போர்ஷே குடும்பத்துக்குக் கைமாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் இனக் குற்றம் செய்ததாகச் சொல்லி அவரைக் கைது செய்து வதை முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்த பிறகு ஜெர்மனியை விட்டு வெளியேறி, அமெரிக்காவில் பெயரையே மாற்றிக் கொண்டு வாழ்ந்தார். போருக்குப் பிறகு நியாயம் கேட்டு வழக்குப் போட்டவருக்குக் கிடைத்தது 50,000 மார்க் பணமும் ஒரு காரும் மட்டுமே. நிறுவனத்தில் அவருக்குத் திரும்ப இடம் கிடைக்கவே இல்லை.

காசு கட்டியவர்களுக்கு கார் வரவில்லை

1938 மே மாதம், இன்று வோல்ஃப்ஸ்பர்க் என்று அழைக்கப்படும் இடத்தில் பிரம்மாண்ட தொழிற்சாலைக்கு ஹிட்லரே அடிக்கல் நாட்டினார். காரின் விலை 990 மார்க். வாரம் 5 மார்க் கட்டி, அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டிக் கொண்டே வர வேண்டும். அட்டை நிரம்பினால் கார். நம்ம ஊர் சிறுசேமிப்புத் திட்டம் மாதிரிதான். 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இதில் சேர்ந்தார்கள்.

ஒருவருக்குக்கூட கார் கிடைக்கவில்லை. 1939ல் போர் வெடித்தது, தொழிற்சாலை ராணுவத்துக்குப் போனது. ஏமாந்தவர்கள் தொடுத்த வழக்கு 1961ல்தான் சமரசத்தில் முடிந்தது. புது ஃபோக்ஸ்வேகன் வாங்கினால் கொஞ்சம் தள்ளுபடி, இல்லையென்றால் சின்னத் தொகை. அவ்வளவுதான்.

போர்க்களத்தில் அவர் பெயர்

போர்ஷே 1937ல் நாஜி கட்சியில் சேர்ந்தார். எஸ்எஸ் படையில் கௌரவப் பதவியும் கிடைத்தது. பீட்டிலின் அடித்தளத்தில் உருவான கூபல்வாகன் என்ற ராணுவ ஜீப் சுமார் 50,000 தயாரானது. டைகர் பீரங்கி வண்டிக்கும் அவர் ஒரு வடிவமைப்பு கொடுத்தார். 1900ல் செய்த அதே டெக்னிக்தான், பெட்ரோல் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும், மோட்டார் ஓட்டும். சோதனையில் அது சொதப்பியது, போட்டி நிறுவனமான ஹென்ஷெல் ஜெயித்தது. ஏற்கெனவே செய்து வைத்திருந்த சுமார் 90 உடல்களை வீணாக்காமல் வேறு ஆயுத வண்டியாக மாற்றினார்கள். அதற்கு வைத்த பெயர் ஃபெர்டினாண்ட். 188 டன் எடையில் மவுஸ் என்ற ராட்சத பீரங்கி வண்டியையும் வடிவமைத்தார். அது போரைப் பார்க்கவே இல்லை.

இதையெல்லாம்விட இருண்ட பக்கம் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலையில் சுமார் 20,000 பேர் கட்டாயத் தொழிலாளர்களாக இருந்தார்கள். போலந்து, சோவியத் பகுதிகளில் இருந்து பிடித்து வரப்பட்டவர்கள், போர்க் கைதிகள், ஆஷ்விட்ஸில் இருந்து கொண்டு வரப்பட்ட யூதர்கள் என அந்தப் பட்டியல் நீள்கிறது. 1942ல் தொழிற்சாலை வளாகத்திலேயே ஒரு வதை முகாம் இயங்கியது. கட்டாயத் தொழிலாளர்களாக இருந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடம் இருந்து பிரித்துத் தனி விடுதியில் வைத்தார்கள். கவனிப்பு இல்லாமல் அங்கே 300க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்தன.

அந்தத் தொழிற்சாலையின் நிர்வாகத்தில் உச்சியில் இருந்தவர்கள் போர்ஷேவும் மருமகன் பியெச்சும். தனக்கு அரசியல் தெரியாது, தொழில்நுட்பம் மட்டும்தான் தெரியும் என்பதுதான் போர்ஷேவைப் பற்றி ரொம்ப காலம் சொல்லப்பட்டு வந்த பிம்பம். ஃபோக்ஸ்வேகனே பொறுப்பு கொடுத்து எழுத வைத்து 1996ல் வெளிவந்த வரலாற்று ஆய்வு அந்தப் பிம்பத்தை உடைத்தது. ஆட்சியாளர்களிடம் அவருக்கு இருந்த நெருக்கமும், தொழிலாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும் என்பதும் ஆவணங்களோடு வெளியே வந்தன.

சிறையும் கடைசி நாட்களும்

1945 டிசம்பரில் பிரான்ஸ் அதிகாரிகள் போர்ஷே, மகன் ஃபெர்ரி, மருமகன் பியெச் மூவரையும் கைது செய்தார்கள். பிரான்ஸின் பெஜோ கார் தொழிற்சாலையைச் சேர்ந்தவர்கள் போர்க்காலத்தில் நாடு கடத்தப்பட்டதில் பங்கு உண்டு என்பது குற்றச்சாட்டு. ஃபெர்ரி சீக்கிரம் வெளியே வந்துவிட்டார். 70 வயதான அப்பா சுமார் 20 மாதங்கள் காவலில் இருந்தார். இத்தாலியின் சிசிடாலியா நிறுவனத்துக்குப் பந்தயக் கார் வடிவமைத்துக் கொடுத்து ஃபெர்ரி பணம் திரட்டினார். அதை ஜாமீன் தொகையாகக் கட்டித்தான் 1947 ஆகஸ்டில் போர்ஷே வெளியே வந்தார். பின்னர் பிரான்ஸ் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அதற்குள் ஆஸ்திரியாவின் குமுண்ட் கிராமத்தில், பழைய மர ஆலை ஒன்றில் மகன் பட்டறை போட்டிருந்தார். 1948 ஜூனில் அங்கிருந்து வந்ததுதான் 356, போர்ஷே என்ற பெயரைத் தாங்கிய முதல் ஸ்போர்ட்ஸ் கார். பல பாகங்கள் பீட்டிலில் இருந்து எடுத்தவை.

இன்னொரு பக்கம், குண்டு விழுந்து சிதைந்து கிடந்த ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலையை பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் மீண்டும் ஓட வைத்தார். 1948ல் போட்ட ஒப்பந்தப்படி, விற்கும் ஒவ்வொரு பீட்டிலுக்கும் போர்ஷே நிறுவனத்துக்கு ஒரு தொகை போனது. அந்த வருமானம்தான் போர்ஷே நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது.

1950 நவம்பரில் வோல்ஃப்ஸ்பர்க் போய், வரிசையாக வெளிவரும் பீட்டில் கார்களைப் பார்த்தார். விரைவிலேயே பக்கவாதம் தாக்கியது. 1951 ஜனவரி 30ல், 75 வயதில் ஸ்டுட்கார்ட்டில் காலமானார்.

இன்று என்ன நிலை?

அவர் இறந்த பிறகுதான் பீட்டில் உச்சம் தொட்டது. 1972ல் ஃபோர்டின் மாடல் டி சாதனையை முறியடித்தது. 2003ல் மெக்சிகோவில் கடைசி கார் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. பேரன் ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே வடிவமைத்த 911 இன்றும் விற்பனையில் இருக்கிறது. மகள் வழிப் பேரன் ஃபெர்டினாண்ட் பியெச், ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்துக்கே தலைவரானார்.

கட்டாயத் தொழிலாளர்களுக்கு உதவ ஃபோக்ஸ்வேகன் ஒரு நிதியைத் தொடங்கியது 1998ல். போர் முடிந்து அதற்குள் 53 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தத் தொழிற்சாலையில் ரத்தம் சிந்தியவர்களில் பலர் அந்த உதவியைப் பார்க்காமலேயே இறந்து போயிருந்தார்கள். ரோசன்பெர்கர் 1967லேயே காலமாகிவிட்டார்.

இப்போது அந்த வரவேற்புப் பலகைக்கு வருவோம். போர்ஷே பிறந்த ஊர் என்று பெருமையாக எழுதி வைத்த பலகை அது. நாஜி கட்சியில் இருந்தவருக்கு, நாஜிகளால் ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் மரியாதையா என்று கேள்வி எழுந்தது. ஊர் நிர்வாகம் பலகையை இறக்கியது. அவர் கார்களை யாரும் குறை சொல்லவில்லை. அந்தக் கார்களை யார் கையால், எந்த விலை கொடுத்து செய்தார்கள் என்பதை மறைத்துவிட்டுப் பெருமைப்பட முடியாது என்பதுதான் எதிர்த்தவர்கள் வைத்த வாதம்.